மிச்சக் குடை

குத்தாலம் தாண்டி ரோட்டோரம்
முன்பு நெல் மூட்டை அடுக்கிய கொட்டகை.
இப்போதும் தரையைக் கூட்டினால்
நாலு உமியாவது வரும்.
ஃபில்டர் ஒன்று, டபரா இரண்டு, டம்ளர் இரண்டு.
சேர்த்துக் கட்டினால் காபி செட்.
கட்டுகிற எங்கள் ஐந்து பேர் வீட்டிலும்
டீதான்.

ஃபில்டரைப் பிரித்தால் நாலு உருப்படி:
மேல் பாத்திரம், கீழ் பாத்திரம், மூடி,
அப்புறம் பொடியை அமுக்குகிற குடை.
மழைக்கு உதவாத குடை.
எல்லாவற்றையும் எண்ணி
குமிழித் தாளில் சுற்றி
கம்பெனியிலேயே ஒட்டி வந்த பார்கோடு மேல்
வெள்ளை ஸ்டிக்கர் போட வேண்டும்.
ஒரு கோடு வெளியே தெரிந்தாலும்
கிடங்கின் சிவப்பு வெளிச்சம்
டம்ளரை மட்டும் படித்துவிட்டு
செட்டே இல்லை என்றுவிடும்.
போன ஆடியில் நாற்பது பெட்டி
ஒரகடம் வரை போய்
ஊர் பார்த்துவிட்டு வந்தன.
போக வர வண்டிக்கூலி எங்கள் தலையில்.

கடைசியில் ஹபீபா ஒட்டுவாள்:
'இது ஒரே செட். பிரிக்க வேண்டாம்.'
அவள் கைக்கு லேபிள் கோணாது.
நூற்றுக்கு ஒரு பெட்டியை
இடுப்புயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பது அற்புதமேரி.
குழுக்கடன் தவணைக்கு வருகிற தம்பியை
நினைத்துக்கொண்டால்
சரியான வேகத்தில் விழுமாம்.

அன்றைக்குக் கடைமுகம்.
மாயவரம் முழுக்கக் காவிரிக்குள் நின்றது.
பஸ்ஸை எல்லாம் சுற்றி விட்டதில்
நாலு மணி லாரி ஆறரைக்கு வந்தது,
அடைமழையோடு.
இருநூற்று நாற்பது செட்டும் டேப் போட்டு முடிந்து
மேசையைத் துடைக்கிறேன்,
துணிக்கடியில் ஒரு குடை.

யாரும் பேசவில்லை.
தையல்நாயகிதான் முதலில்,
"நான் எண்ணித்தான் வெச்சேன்" என்றாள்.
நான் கேட்கவே இல்லை.

முதலாளி போனில்,
"ஒண்ணுதானேம்மா, ஏத்தி விடு."
ஒண்ணுதான்.
அந்த ஒன்றைப் பிரிக்கிற ஆள்
ஒற்றை நட்சத்திரம் போட்டால்
தை வரைக்கும் எங்கள் செட்டு
இருபதாம் பக்கத்தில் கிடக்கும்.
அப்போதும் இவர்தான் போன் பண்ணுவார்.

தராசை எடு என்றேன்.
செட் அறுநூற்றுப் பதினெட்டு கிராம்.
குடை பதினாறு.
குறைகிற பெட்டியைப் பிடித்தால் போதும்.
லாரிக்காரர் துரைக்கண்ணு
தார்ப்பாயை மறுபடி இறக்கி விட்டு
உள்ளே வந்து உட்கார்ந்தார்.

ஆனால் ஐப்பசியில் அட்டையும் தண்ணீர் குடிக்கிறது.
கதவோரம் இருந்த பெட்டி அறுநூற்று இருபத்தொன்பது,
மச்சு மேல் இருந்தது அறுநூற்றுப் பத்து.
குடையையும் ஈரத்தையும்
தராசு ஒன்றாகத்தான் எழுதுகிறது.
சந்தேகப்பட்டு மூன்றைத் தனியே எடுத்தோம்.
முதல் பெட்டியைக் கிழித்தால், இருந்தது.
இரண்டாவதிலும் இருந்தது.
மூன்றாவதைக் கிழிக்கும்போது
துரைக்கண்ணுவும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.
அதிலும்
குமிழித் தாளுக்குள் சமர்த்தாய் ஒரு குடை.

மூன்று புதுப் பெட்டி, மூன்று புது லேபிள்.
மணி ஒன்பதே கால்.
கொல்லையில் சம்பா வயல் நிரம்பி
தவளைகள் வேறு.
"கம்பெனிக்காரன் ஒண்ணு கூடப் போட்டிருப்பான்"
என்றாள் ஹபீபா.
எல்லோரும் அதையே சொன்னோம்,
தையல்நாயகி மட்டும் ரெண்டு தடவை.
லாரியின் பின்விளக்கு
வீரசோழன் பாலம் ஏறி இறங்கியது.

இன்றைக்கு இருபத்தாறாம் நாள்.
திரும்பி வந்தவை ஐந்து.
ஒன்று டம்ளர் நசுங்கி,
மூன்று காரணம் சொல்லாமல்.
இன்னொன்றில் எழுதியிருந்தது:
'நான் ஒரு ஆள். ஒரு டம்ளர் போதும்.'
அதையும் பிரித்து எண்ணினேன்.
எல்லாம் சரி.

ஃபேன் காற்றில் லேபிள் பறக்காமலிருக்க
மேசை மேல்
அந்தக் குடையைத்தான் வைத்திருக்கிறேன்.